அடையாளத் துணி

லோகநாதன் யாரையும் நம்பமாட்டார் என்பது முடிச்சூர் ரோடு முழுக்கத் தெரிந்த விஷயம். பால்காரர் பால் ஊற்றும்போது, படியின் அடிப்பாகம் உள்பக்கமாக நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ரேஷன் கடையில் தராசுத் தட்டைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பையை விரிப்பார். சலூனில் முடி வெட்டும்போதுகூட கண்ணாடியில் கத்திரியையே பார்த்துக்கொண்டிருப்பார், கூடுதலாக வெட்டிவிடுவானோ என்று.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கரையை ஒட்டியிருந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையை மனை போடுகிறவர்களுக்கு விற்றார். அவர்கள் கை காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர்கள் வாங்கிக்கொடுத்த காளிமார்க் சோடாவையும் குடித்துவிட்டு வந்தார். பிறகு படிக்கத் தெரிந்த ஒருவர் பத்திரத்தைப் படித்துச் சொன்னபோதுதான், விற்காத கிணறும் அதைச் சுற்றியிருந்த பதினெட்டு சென்ட்டும் சேர்ந்தே போய்விட்டது தெரிந்தது. அந்த இடத்தில் இப்போது மாடி வீடு நிற்கிறது. அந்தத் தெருவில் சவாரி வந்தால் வேறு டிரைவருக்குக் கொடுத்துவிடுவார்.

நிலம் போய் மிஞ்சியது ஒரு வெள்ளை அம்பாசடர். பழைய பெட்ரோல் வண்டி. மேற்குத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே வாடகைக் கார் ஸ்டாண்டில் அதை வைத்துக்கொண்டு பிழைப்பு நடந்தது. மழைக்காலத்தில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்கும். கோடை பிறந்தால் போதும், ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் சித்திரையில் அது படுத்த இடம் சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, நிழலுக்கு ஒரு கருவேலங்கன்றுகூட இல்லாத வெட்டவெளி. மணி ஒன்றரை. பின் சீட்டில் மகள் தனக்கோடி, எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. தாம்பரத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டு, மதுராந்தகத்தில் மாமியார் வீட்டில் விடப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் வண்டி கிளம்பவில்லை. தனக்கோடிக்குக் கண் செருகிக்கொண்டு போய்விட்டது. பக்கத்து நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றித்தான் அவள் கண் திறந்தாள். 

அடுத்த வாரமே சம்பந்தி சுப்பராயலு ரயிலேறி நேரில் வந்துவிட்டார். மரியாதை தெரிந்த மனுஷன். காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"வைகாசி ஒன்பதாம் தேதி வளைகாப்பு வச்சிருக்கோம். முடிஞ்சதும் பொண்ண நீங்க அழைச்சுக்கினு வர்றது முறைதான், நான் இல்லங்கல. ஆனா அந்த வண்டியில அனுப்பறதுக்கு எங்க வூட்ல பயப்படறாங்க. வேற வண்டி வச்சாலும் அக்னி வெயில்ல நாப்பது மைல் அனுப்ப மாட்டேங்கறா எங்கம்மா. தாய்வூட்டு வண்டின்னா மட்டும் போனா போவுதுன்னு விடுவா, அதுவும் நல்லா ஓடுதுன்னு அவ கண்ணால பாத்தா. இல்லாட்டி பிரசவம் அங்கியே பாத்துக்கறோம். தப்பா எடுத்துக்காதீங்க."

லோகநாதனின் மனைவி கங்கையம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே மகள், தலைப் பிரசவம். மகள் படுக்க உள்ளறையில் கயிற்றுக் கட்டிலுக்குப் புதுக் கயிறு போட்டாகிவிட்டது. பூண்டும் சுக்கும் வாங்கி டின்னில் அடைத்தாகிவிட்டது. சம்பந்தி போன பிறகு அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இன்னா பண்ணுவியோ தெரியாது. எம்பொண்ணு எம்மூட்டுக்கு வரணும். சவுரி தம்பியாண்ட போ."

சவுரிமுத்துவின் ஷெட் இரும்புலியூரில், ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. நான்கு சவுக்குக் கம்பு, மேலே தகரம், பக்கத்தில் ஒரு புங்கமரம். அவனுடைய அப்பா, லோகநாதனின் அப்பாவிடம் களத்து வேலை செய்தவர். அறுவடை முடிந்தால் மூட்டை தூக்குவது, மில்லுக்கு ஏற்றிப்போவது எல்லாம் அவர்தான். மகன் மெக்கானிக் ஆனான், முதலாளி வீட்டு மகன் டிரைவர் ஆனார், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு அம்பாசடர் வந்து நின்றது. ஏழு வருஷப் பழக்கம். நள்ளிரவில் செங்கல்பட்டில் வண்டி நின்றாலும், சைக்கிளை லாரியில் போட்டுக்கொண்டு வந்து சேருவான். லோகநாதனை "அண்ணா" என்பான், கங்கையம்மாளை "அக்கா" என்பான். அப்படி யார் கூப்பிட்டாலும் லோகநாதனுக்கு இதமாகத்தான் இருக்கும், கூடவே எதற்காகக் கூப்பிடுகிறான் என்றும் தோன்றும்.

"ண்ணா, இப்டி வா. கைய இங்க வை" என்று சவுரிமுத்து பானெட்டைத் தூக்கிப் பிடித்தான்.

வைத்த கையை லோகநாதன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுதா? இது இன்னா, சைலன்சர் பைப்பு ஆரம்பிக்கற எடம். இது இன்னா, ஏர் கிளீனர். ரெண்டும் தோளோட தோள் ஒட்டிக்கினு கீது. வண்டி மூச்சு இழுக்கறதே அடுப்பு மேல வர்ற காத்தத்தான். மார்கழில ஒண்ணும் தெரியாது. அக்னி நட்சத்திரத்துல வெளிக்காத்தே கொதிக்குது. அத இன்னும் சுட வச்சு இழுத்தா வண்டி இன்னா பண்ணும்? மூச்சு முட்டிக்கினு படுத்துடுது."

"ஸ்டாண்டுல பெட்ரோல் பம்பு சூடாவுதுன்றானுங்க. ஈரத்துணி போடச் சொல்றானுங்க."

"அதுவுந்தான். பம்புக்கு ஒரு தகடு வச்சு மறைச்சுடறேன். ஆனா மெயினா மூக்க முன்னாடி கொணாந்துடணும்ணா. முன் கிரில்லாண்ட ஒரு ஃபில்டர் டப்பா, அங்கேர்ந்து கார்பரேட்டர் வரைக்கும் ரப்பர் ஓஸ். ரேடியேட்டர் சூடு படறதுக்கு முன்னாடியே காத்த புடிச்சுடும்."

"இன்னா டப்பா?"

"பேப்பர் ஃபில்டர் வச்சது. வேன்ல வருது பாரு, அது. கடையில பளபளன்னு வலை போட்டது ஒண்ணு காட்டுவாங்க, ஃபாரின் மாடல்னு. அத வாங்கிடாத. அது காத்த நல்லாத்தான் இழுக்கும். கூடவே பல்லாவரத்து மலைத் தூளயும் இழுக்கும். தெனம் மீனம்பாக்கம் சவாரி போற, கல்லு மெஷினு தூளு எப்டி பறக்குதுன்னு பாக்கறல்ல? ஆறே மாசத்துல இஞ்சின் உள்ள தேஞ்சுடும்."

அவன் சொன்னது அத்தனையும் லோகநாதனுக்குப் புரிந்தது. பம்மலிலும் திரிசூலத்திலும் மலையை உடைக்கிற தூள், மாலையில் வண்டிக் கண்ணாடியில் மாவு பூசியதுபோல் படிந்திருப்பதைத் தினமும் துடைக்கிறவர் அவர். ஆனாலும் ஷெட்டைவிட்டு வெளியே வருவதற்குள் மனசு வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒன்றை வாங்கு என்று சொல்கிறவன் சும்மா சொல்லலாம். இன்னொன்றை வாங்காதே என்று எதற்கு இத்தனை அழுத்திச் சொல்கிறான்?

ஜி.எஸ்.டி. ரோட்டில் கஸ்தூரிரங்கனின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தார். லோகநாதன் விஷயத்தைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி அலமாரியிலிருந்து குரோமியம் பூசிய ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். சுற்றிலும் சல்லடை. முகம் பார்க்கலாம் போல மின்னியது.

"கையில எடுத்துப் பாருங்க சார். ஓப்பன் டைப். நாலு பக்கமும் காத்து. ரேஸ் கார்ல இதான் போடறாங்க. ஓஸ் வேணாம், கிளிப் வேணாம். நேரா கார்பரேட்டர் மேல மாட்டினா முடிஞ்சுது."

"சூட்டுலயே தான உக்காந்துக்கினு இருக்கும்? அந்த சூட்டுக் காத்தத்தான இழுக்கும்?"

கஸ்தூரிரங்கன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு, சவுரி சொன்னானா? சொல்லுவான். பேப்பர் ஃபில்டர் போடச் சொல்லியிருப்பானே?"

"ஆமா."

"நான் யாரையும் தப்பா பேசமாட்டேன் சார். ஒரே ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. பேப்பர்னா அப்பப்ப மாத்தணும். யாரு மாத்துவா? அவன்தான். உங்க இஷ்டம், எது வேணாலும் வாங்குங்க. ஆனா வண்டிய ஷெட்ல விட்டுட்டு மட்டும் வந்துடாதீங்க. புது ஃபில்டரை எடுத்து வச்சுக்கிட்டு, பழசை ஊதித் துடைச்சு உள்ள வச்சு மூடினா உங்களுக்குத் தெரியவா போவுது? போன மாசம்கூட ஒருத்தர் வந்து அழுதுட்டுப் போனார்."

லோகநாதன் அந்தப் பளபளப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கஸ்தூரிரங்கனைப் பார்த்தார். இவன் எதற்காக நமக்குப் புத்தி சொல்கிறான்? இதில் லாபம் அதிகம், அதனால்தான் இதைத் தள்ளிவிடப் பார்க்கிறான். சந்தேகம் வந்ததும் முடிவும் வந்துவிட்டது. பேப்பர் ஃபில்டர் டப்பாவும் நாலடி ஓஸும் கிளிப்புகளும் வாங்கிக்கொண்டு வந்தார். ஆக, சரியான சாமானை அவர் வாங்கியது சவுரிமுத்துவை நம்பி அல்ல, கஸ்தூரிரங்கனை நம்பாமல். ஆனால் கஸ்தூரிரங்கன் சொன்ன கடைசி வார்த்தை மட்டும் சாமானோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று மத்தியானம் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும். கங்கையம்மாள் சுட்ட கருவாட்டை எடுத்து வைத்தாள். அவர் கூழைக் கரைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ரெண்டு நாளு வண்டிய ஷெட்ல வுடணுமாம்" என்றார்.

"வுடு."

"அவன் இன்னா பண்றான்னு நமக்கு இன்னா தெரியும்?"

"யாரு, சவுரி தம்பியா? தனக்கோடிக்கு மஞ்சக்காமால வந்தப்போ யாரு கீழாநெல்லி தேடிக்கினு மணிமங்கலம் வரைக்கும் போனது? அவன் பொண்டாட்டி பேபி பத்து நாளு எம்மூட்லயே கெடந்து பாத்துக்கினா. மறந்துட்டியா?"

"மறக்கல. அதான் கேக்கறேன். நம்ப மேல அவனுக்கு இன்னா அத்தன அக்கற? எங்கப்பன் அவுங்கப்பன தலமேல வச்சா தாங்குனான்?"

கங்கையம்மாள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "உன்னோட பேசி பேஜார்தான்" என்று சொல்லிவிட்டுக் கருவாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில் லோகநாதன் உள்ளறைக் கதவைத் தாழிட்டார். அவர் அப்பா காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. நெல்லை அரைக்க மில்லுக்கு அனுப்பும்போது, ஒவ்வொரு மூட்டையின் வாய்க்குள்ளும் கோணியின் உள்பக்கமாக ஒரு சிவப்புத் துணித் துண்டை வைத்துத் தைத்துவிடுவார்கள். வழியிலோ மில்லிலோ மூட்டை மாறினால் தெரிந்துவிடும். வெளியே அடையாளம் வைத்தால் எவனும் அதேபோல வைத்துவிடுவான், உள்ளே இருப்பது வைத்தவனுக்கு மட்டும்தான் தெரியும் என்பார் அப்பா. ஊரில் நிலம் வைத்திருந்த எல்லோருமே அப்படித்தான் செய்தார்கள்.

டப்பாவின் மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே மடித்து மடித்து வைத்த காகித உருளை. அதன் உள்வயிற்றில் ஓட்டை ஓட்டையாகத் தகட்டு வலை. கங்கையம்மாளின் பழைய சிவப்புச் சுங்குடிப் புடவையிலிருந்து ஒரு சாண் துணியைக் கிழித்து, உள் ஓட்டை ஒன்றில் கோத்து இரண்டு முடிச்சுப் போட்டார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. நிலத்தை விற்ற நாளில் தோன்றாத புத்தி இப்போதாவது தோன்றியதே என்று அவருக்கு ஒரே திருப்தி.

சவுரிமுத்து இரண்டு நாளில் வேலையை முடித்துவிட்டான். கிரில்லுக்குப் பின்னால் சட்டம் அடித்து டப்பாவை உட்காரவைத்தான். ஓஸை ரேடியேட்டரைச் சுற்றிக் கொண்டுவந்து கார்பரேட்டரில் கிளிப் போட்டு இறுக்கினான். பெட்ரோல் பம்புக்கு அலுமினியத் தகட்டில் மறைப்பு. பழைய ஏர் கிளீனரைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வைத்து, "மழக்காலத்துக்கு வேணும்னா மாட்டிக்கலாம்ணா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் லோகநாதன் செய்த முதல் வேலை டப்பாவைத் திறந்து பார்த்ததுதான். சிவப்புத் துணி இருந்தது. மாற்றவில்லை. நியாயமாக அப்போதே அவிழ்த்துப் போட்டிருக்க வேண்டும். விரலையும் கொண்டுபோனார். அப்புறம், நாளைக்குச் சுத்தம் செய்கிறேன் என்று அவனே திறப்பானே, அடுத்த மாசம் திறப்பானே என்று தோன்றியது. இருக்கட்டும் என்று மூடிவிட்டார்.

செங்கல்பட்டு வரைக்கும் உச்சி வெயிலில் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பறந்தது. கூடுவாஞ்சேரி ஏற்றத்தில் டாப் கியரிலேயே ஏறியது. அக்னி நட்சத்திரத்தில் அந்த வண்டி அப்படி ஏறி அவர் பார்த்ததேயில்லை.

வைகாசி ஒன்பதாம் தேதி காலை, வரிசைத் தட்டுகளும் ஐந்து வகைச் சோறும் வளையல் பெட்டியும் டிக்கியில் ஏறின. கங்கையம்மாளும் அவள் நாத்தனார் எல்லம்மாவும் பின்னால். முன் சீட்டில் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு சவுரிமுத்து. கங்கையம்மாள்தான் அவனை வரச் சொல்லியிருந்தாள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு இவன் எதற்குச் சரி என்றான் என்று வண்டலூர் தாண்டும்வரை லோகநாதன் யோசித்துக்கொண்டே வந்தார்.

வளைகாப்பு குறையில்லாமல் நடந்தது. தனக்கோடியின் இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். சுப்பராயலுவின் தாயார் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சவுரிமுத்து பானெட்டைத் திறந்து, ஓஸைத் தொட்டுக் காட்டினான். "தொட்டுப் பாருங்கம்மா, சில்லுனு கீது பாருங்க." அந்தம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கூடத்தில் இலை விழுந்தது. சவுரிமுத்துவுக்கு மட்டும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் வேப்பமரத்தடியில். கங்கையம்மாளே சோற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறினாள். லோகநாதன் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் பாயசத்தைக் குடித்தார்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். தார் ரோடு ஈரமானதுபோல் மினுங்கியது. படாளம் தாண்டியது. செங்கல்பட்டு ஏரி தாண்டியது. தனக்கோடி ஜன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள். போன மாதம் வண்டி நின்ற வெட்டவெளிக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. வண்டி ஒருமுறை இருமியது.

லோகநாதன் கியரைக் குறைத்தார். மறுபடியும் இருமியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் வேகம் எடுக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கன்னங்கரேலென்று புகை. நாலு முறை குலுக்கிவிட்டு ரோட்டோரத்தில் வண்டி நின்றுவிட்டது.

தனக்கோடி கண் விழித்தாள். "அப்பா, மறுபடியுமா?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் லோகநாதனுக்கு நிதானம் போய்விட்டது. இறங்கி, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு சவுரிமுத்துவிடம் வந்தார்.

"இன்னாடா மாட்டி வச்ச? சொல்லுடா, இன்னா மாட்டி வச்ச?"

"இருண்ணா. கரும்பொக வருது. இது சூட்டுல நிக்கல. காத்து எங்கியோ அடச்சிக்கினு கீது. பாத்துடலாம்."

"இன்னாத்த பாக்கறது? எனக்குத் தெரியும்டா. அன்னிக்கு எங்கண்ணு முன்னாடி நல்லத காட்டிட்டு அப்பால மாத்திட்டல்ல? ஓஸ இறுக்கறேன்னு முந்தாநேத்து வந்தியே, அப்பதான மாத்தன? வவுத்துல புள்ளையோட எம்பொண்ணு உள்ள குந்திக்கினு கீறா. உங்காளுங்கள வைக்க வேண்டிய எடத்துல வச்சிருக்கணும். எங்கப்பன் சரியாத்தான் வச்சிருந்தான்!"

"வாய மூடு!" என்று வண்டிக்குள்ளிருந்து கங்கையம்மாள் கத்தினாள். ஆனால் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது.

சவுரிமுத்து முதலில் தன் தோள் துண்டை நனைத்துக் கங்கையம்மாளிடம் கொடுத்து, "பாப்பா மூஞ்சில போடுக்கா" என்றான். பிறகு பானெட்டைத் தூக்கி, கார்பரேட்டரில் கிளிப்பைத் தளர்த்தி ஓஸை இழுத்தான். உள்ளே விரலை விட்டான். இரண்டு விரலுக்கு நடுவில், எண்ணெய் ஏறிக் கறுத்துப்போன ஒரு துணி வந்தது. ஓரத்தில் இன்னும் சிவப்பு இருந்தது.

லோகநாதன் அதைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

சவுரிமுத்து துணியைப் பிரித்துப் பார்த்தான். பிறகு முன்னால் போய் டப்பாவைத் திறந்து, உருளையின் உள்பக்கம் தடவினான். வலை ஓட்டையில் முடிச்சின் மிச்சம் இருந்தது. இஞ்சின் இழுத்த இழுப்பில் துணி அறுந்து, ஓஸ் வழியாகப் போய்க் கார்பரேட்டரின் வாயை அடைத்திருக்கிறது.  

எல்லம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னாது அது துணி?"

கங்கையம்மாள் இறங்கி வந்து கையில் வாங்கினாள். "இது எம்பொடவ" என்றாள். புருஷனைப் பார்த்தாள். "இது எப்டி இங்க வந்துது?"

 பதில் சவுரிமுத்துவிடமிருந்துதான் வந்தது. குரலை உயர்த்தாமல், ஓஸை ஊதித் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"மூட்டைக்கு வைக்கற துணிதான்க்கா. மில்லுக்குப் போற மூட்ட மாறிடக் கூடாதுன்னு உள்ள வச்சுத் தெப்பாங்க. எங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கினு இருந்தாங்க. அவுருக்குத் தெரியும். கோணி வாய் பிரிஞ்சு துணி கீழ வுழுந்துட்டா, அவுரே ஊசி வாங்கி மறுபடியும் உள்ள வச்சுத் தெச்சுடுவாரு. இல்லாட்டி இவன் மாத்திட்டான்னு சொல்லிடுவாங்கன்னு. நான் சின்னப் புள்ளயா கூடப் போவேன், பாத்துக்கீறேன்."

 ஒரு லாரி அனல் காற்றை வாரி இறைத்துவிட்டுப் போனது. சவுரிமுத்து மிச்ச முடிச்சையும் பிடுங்கி எடுத்தான், டப்பாவை மூடினான், கிளிப்பை இறுக்கினான். பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடைத்து மாட்டினான். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பானெட்டைச் சாத்திவிட்டு, லோகநாதனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார்."

லோகநாதன் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பிடித்துக்கொண்டது. அதன் பிறகு தாம்பரம் வரைக்கும் ஒரு இடத்தில்கூட இருமவில்லை. வண்டிக்குள் தனக்கோடியின் வளையல்கள் மட்டும் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சத்தம் போட்டன. பெருங்களத்தூரில் லோகநாதன், "சவுரி, ஒரு சோடா குடிக்கலாமா?" என்று கேட்டார். "வேணாம் சார், பாப்பாவ முதல்ல வூட்டுக்கு இட்டுக்கினு போங்க" என்று பதில் வந்தது.

வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்து மகளை உள்ளே அழைத்தார்கள். கங்கையம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் சவுரிமுத்து டூல்ஸ் பையோடு தெருமுனைக்குப் போய்விட்டிருந்தான்.

அன்றிலிருந்து கங்கையம்மாள் புருஷனிடம் சண்டை போடவில்லை. சோறு போடுவாள், மோர் ஊற்றுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்று லோகநாதனுக்கு இருந்தது. ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும்போது, சவுரி கோபத்தில் சார் என்று கூப்பிட்டுவிட்டான், நாலு நாளில் சரியாகிவிடுவான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். இல்லை, அவன் மனசில் வேறு ஏதோ கணக்கு இருக்கிறது என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அப்படித் தோன்றியதற்காக வெட்கமாக இருக்கும்.

ஆனி மாதம் பதினேழாம் தேதி தனக்கோடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட பேபி வந்தாள், தினமும் வந்தாள், கங்கையம்மாளோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுச் சிரித்துவிட்டுப் போனாள். சவுரிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோகநாதன் சவாரி போயிருந்த நேரத்தில் வந்து, குழந்தை கையில் ஒரு கிலுகிலுப்பையை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அடுத்த நாள் லோகநாதன் ஒரு பொட்டலம் கற்கண்டு வாங்கிக்கொண்டு இரும்புலியூருக்கு வண்டியை விட்டார். புங்கமரத்தடியில் சவுரிமுத்து ஒரு மெட்டடார் வேனுக்குக் கீழே படுத்திருந்தான். வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டான்.

"வாங்க சார். உக்காருங்க."

கற்கண்டை நீட்டினார். அவன் மறுக்கவில்லை. ஒரு கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "நேத்து வந்து பாத்தேன் சார். அக்கா ஜாடைன்னு பேபியும் சொன்னா. நல்லா இருக்கணும்."

அதில் குத்தலே இல்லை. லோகநாதன் அவன் முகத்தையே பார்த்தார். குத்தலாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்திருப்பார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பி வந்திருந்தார். நாற்பத்தெட்டு வருஷத்தில் யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லாத வாய், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் உலர்ந்துபோய் இருந்தது.

"வண்டிக்கு இன்னா சார் கம்ப்ளெய்ன்ட்?" என்று சவுரிமுத்து கேட்டான்.

வண்டியில் ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் இல்லை. இல்லை என்று சொன்னால் எழுந்து போக வேண்டும். "முன்னாடி ஏதோ ஒரு சத்தம் வருதுடா" என்றார் லோகநாதன். "கட கடன்னு."

சவுரிமுத்து உடனே பானெட்டைத் திறந்தான். ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் சக்கரமாக ஆட்டிப் பார்த்தான். கீழே படுத்து ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்தான். ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப்போய்க் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு வந்தான். ஃபில்டர் டப்பாவைத் திறக்கும்போது மட்டும், "வாங்க சார், நீங்களே பாத்துக்குங்க" என்று அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு நிற்கவைத்து, உருளையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு உள்ளே வைத்தான். இல்லாத சத்தத்தை அவன் முக்கால் மணி நேரம் உண்மையாகத் தேடினான். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த லோகநாதன் எழுந்து வண்டியருகே வந்தார்.

"சவுரி" என்றார்.

"சொல்லுங்க சார்."

"அண்ணான்னுதானடா கூப்புடுவ."

சவுரிமுத்து ஸ்பேனரைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்தும் கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதைப் பையில் போட்டுவிட்டு, பானெட்டை மெதுவாக இறக்கிச் சாத்தினான்.

"வண்டியில ஒண்ணும் இல்ல சார். நல்லா ஓடும். எடுத்துக்கினு போங்க."